முதல் ஆறு நிமிடம்

அத்தியாயம் 17

எல்லோரும் கடைசி நேரத்தைத்தான் கேட்பார்கள். கடைசியாகப் பேசுகிறவன் சொன்னதுதான் கேட்பவர் காதில் தங்கும் என்று விற்பனைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால்தான் புது ஆஸ்பத்திரியின் குமாஸ்தா போன வாரம் போனில் கூப்பிட்டு எந்த நேரம் வேண்டும் என்று கேட்டபோது, "முதல் நேரமே கொடுங்க சார்" என்று சின்னவள் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்களுக்கு அப்புறம் இன்னொரு கம்பெனி பேசும்."

"பேசட்டும் சார்."

அந்த இன்னொரு கம்பெனி அவள் கூடப்பிறந்த அண்ணனுடையது என்று குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு இந்த அண்ணனை நன்றாகத் தெரியும். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி. அப்பா ஆரம்பித்த ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பெனி, அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கைக்குப் போனது. கட்டில் விற்கப் போகும் இடமெல்லாம் அண்ணன் தங்கையையும் கூட்டிக்கொண்டு போவான். பேச அல்ல, படுக்க. பேஷண்ட் கவுனை மாட்டிக்கொண்டு அவள் கட்டிலில் படுத்திருப்பாள். அண்ணன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பேசுவான். அவள் தலை ஏறும், இறங்கும். பேஷண்ட் வாயைத் திறக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். இப்படிப் பதினொரு வருஷம். பட்டறையில் அவளுக்குப் பெயரே பேஷண்ட் என்று ஆகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், ஆபீசில் தனக்கும் ஒரு மேஜை நாற்காலி வேண்டும் என்று அவள் கேட்டாள். நாற்பது பேர் நிற்கிற இடத்தில் வைத்து அண்ணன் சொன்னான்: "படுத்துக் கிடந்தவளுக்கு நாற்காலி எதுக்கு?"

பட்டறையே சிரித்தது. ஆட்களில் சிரிக்காதவன் ஒருத்தன், பிட்டர். கட்டிலின் கைப்பிடியையும் பல்சக்கரத்தையும் பொருத்துகிறவன். அன்றைக்கே அவள் வெளியே வந்தாள். மூன்று மாதத்தில் அவனும் வந்தான். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு, டயர் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட் பிடித்துக் கட்டில் செய்கிறார்கள். இதுவரை விற்றது பன்னிரண்டு. புது ஆஸ்பத்திரிக்கு வேண்டியது நூற்று நாற்பது. கிடைத்தால் ஷெட் நிற்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

அது பிட்டருக்கும் தெரிந்த கணக்கு. சின்னவள் மனசுக்குள் வேறொன்றும் இருந்தது. நாலு பேர் முன்னால் அண்ணன் பேச்சு வராமல் நிற்க வேண்டும். அதை அவள் இருந்து பார்க்க வேண்டும்.

அந்த நாள் இன்று விடிந்திருந்தது.

*

காலை ஏழு மணிக்குக் கட்டிலை வேனில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான் பிட்டர். சின்னவள் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"காகிதம் எடுத்துக்கிட்டியா?" என்று வாசலிலிருந்து கேட்டான்.

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அப்பாடா" என்றான். "நாப்பது நாள் கழிச்சு இப்பத்தான் உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கே."

நாற்பது நாளும் சமையலறையில்தான் பயிற்சி நடந்தது. ஸ்டூல் மேல் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பெரிய குக்கர், அதுதான் பெரிய டாக்டர். இடது பக்கம் எண்ணெய் டின், கொள்முதல் அதிகாரி. வலது பக்கம் சுவரில் சாய்த்து வைத்த துடைப்பம், தலைமை நர்ஸ். பிட்டர் ஒரு தட்டையும் ஸ்பானரையும் வைத்துக்கொண்டு தரையில் உட்காருவான். அவள் தலை குனிந்தால் ஒரு தட்டு. 'வந்து, வந்து' என்று இழுத்தால் ஒரு தட்டு. முதல் நாள் அவள் பேசி முடிக்கும்போது அவன் தூங்கிப்போயிருந்தான். எழுப்பிக் கேட்டதற்கு, பேச்சு எப்படி என்று தெரியாது, தூக்கம் நன்றாக வந்தது என்றான்.

பதினோரு வருஷம் வாய் திறக்காமல் கிடந்தவளுக்கு, சொல்ல ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் போலிருந்தது. இரும்பின் கனம், பெயின்ட் எத்தனை பூச்சு, சக்கரத்தில் எத்தனை பல் என்று பதினாறு விஷயம் எழுதி வைத்திருந்தாள். அவன் ஒரு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, இதில் எது ஞாபகம் இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஒன்றுமில்லை. பதினாறு எட்டாகி, எட்டு மூன்றாகி, கடைசியில் ஒன்றே ஒன்றில் வந்து நின்றது. சொல்வதைக் குறைத்து, கேட்பதைக் கூட்டினாள். முதலில் ஒரு கேள்வி, பிறகு பதிலுக்கு இடம். அந்த இடத்தில் சும்மா நிற்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"குக்கரைப் பாத்தே பேசறே" என்பான் நடுவில். "துடைப்பத்துக்குக் கோபம் வந்துரும். நாளைக்குக் கட்டிலைச் சுத்தப் போறது அதுதானே."

இத்தனை பாடும் ஒன்பது நிமிஷப் பேச்சுக்குத்தான். கொடுத்திருந்த நேரம் பதினைந்து நிமிஷம். முதல் ஆறு நிமிஷத்துக்கு அவள் பயிற்சியே செய்யவில்லை. அது அண்ணனுடைய பேச்சு. அவன் எந்த வார்த்தையில் நிறுத்துவான், எங்கே மூச்சு விடுவான், கட்டிலின் தலைப்பக்கத்தை எப்போது இரண்டு தட்டுத் தட்டுவான் என்பதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு மனப்பாடம். பதினொரு வருஷமாக அதில் ஒரு வார்த்தை மாறவில்லை. அதை அவள் அப்படியே, அவனுக்குக் கால் மணி நேரம் முன்னால் பேசப் போகிறாள்.

பிட்டருக்கு அது பிடிக்கவில்லை. அவளுடைய ஒன்பது நிமிஷம் நன்றாக இருக்கிறதே, நேராக அதையே பேசினால் என்ன என்று பலமுறை சொல்லிப் பார்த்தான். நேற்றுக் கடைசியாகக் கேட்டான்.

"நாம கட்டில் விக்கப் போறமா, பழி தீக்கப் போறமா?"

"ரெண்டுக்கும்தான்" என்றாள்.

*

ஆஸ்பத்திரிக் கட்டடம் இன்னும் பெயின்ட் வாசனை போகாமல் இருந்தது. இரண்டாம் மாடியில் கூட்ட அறை. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தவில்லை. எத்தனை தரம் சாத்தினாலும் நாலு விரல் திறந்துகொண்டது. வெளியே நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நாலு. கட்டிலை உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்து சின்னவள் உட்கார்ந்தபோது லிப்ட் திறந்தது.

அண்ணன். மடிப்புக் கலையாத சட்டை, அப்பா கட்டியிருந்த அதே கைக்கடிகாரம். அவனுக்குப் பின்னால் ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தபடி அண்ணி. அண்ணியின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் நீலக் கவுன் மடித்து வைத்திருப்பது தெரிந்தது. சின்னவள் போன பிறகு கட்டிலில் படுப்பது அண்ணிதான் என்று கேள்விப்பட்டிருந்தாள். கேள்விப்பட்ட அன்று அவளுக்கு ஒரு திருப்தி. பட்டறையே சிரித்தபோது அண்ணி சிரிக்கவில்லை, உண்மைதான். தடுக்கவும் இல்லையே.

"என்ன பேஷண்ட்" என்றான் அண்ணன். "உடம்பு தேவலையா? எழுந்து நடமாடறே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு யார் படுக்கறா? மாப்பிள்ளையா? அவருக்குத்தான் வேலை வெட்டி ஒண்ணும் இல்லையே."

பிட்டர் எழுந்திருக்கப் பார்த்தான். சின்னவள் அவன் முழங்காலில் கை வைத்து உட்கார்த்தினாள். அண்ணன் சிரித்துக்கொண்டே, கட்டிலைக் கீழே பொருத்திச் சரக்கு லிப்டில் கொண்டுவர வேண்டும் என்று ஆட்களைக் கூப்பிட்டபடி இறங்கிப் போனான். அண்ணிக்குக் கால் வலி போலிருக்கிறது. இறங்கவில்லை. கதவோரமிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சின்னவள் காதில் விழாதது போல எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

*

மூன்று பேர். நடுவில் பெரிய டாக்டர், வட்டமான வழுக்கைத் தலையோடு. குக்கர் என்று ஒரு கணம் தோன்றிச் சிரிப்பு வந்துவிடப் பார்த்தது. அதுவே அவளுக்கு நடுக்கத்தைப் போக்கியது. இடது பக்கம் கொள்முதல் அதிகாரி கண்ணைக் காகிதத்தை விட்டு எடுக்கவில்லை. வலது பக்கம் தலைமை நர்ஸ், சட்டைப் பையில் நாலு பேனா, முகத்தில் தூக்கம் போதாத களை.

சின்னவள் கட்டிலுக்கு அருகே போனாள். அண்ணன் நிற்கிற மாதிரியே இடது கையைக் கட்டிலின் தலைப்பக்கத்தில் வைத்தாள். மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தாள். நாலு எண்ணினாள்.

"நான் கட்டில் விக்க வரலைங்க" என்றாள். "கட்டிலை விட்டு எழுந்திரிக்கிற நாளை விக்க வந்திருக்கேன்."

டாக்டர் தலை நிமிர்ந்தார். தலைமை நர்ஸ் ஒரு பேனாவை எடுத்து எதையோ எழுதினாள். எழுதியது அந்த வரியைத்தான் என்று தெரிந்தபோது சின்னவளுக்குச் சுருக்கென்றது. நல்ல வரிதான் அது. வெறுக்கிறவன் வாயிலிருந்து வந்தது மோசமாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு தண்ணீர். விளிம்பு தட்ட நிரப்பிய தம்ளரைக் கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் வைத்து, கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். பிட்டரின் பல்சக்கரம் வெண்ணெயாய்ச் சுற்றியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தலைப்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். அடுத்து நகைச்சுவை.

"எங்க கட்டில்ல ஒரே ஒரு குறை இருக்குங்க. படுத்தவங்க வீட்டுக்குப் போக மாட்டேங்கறாங்க."

கொள்முதல் அதிகாரி கூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள், அண்ணன் காத்திருக்கிற மாதிரி. ஆறு நிமிஷம் முடிந்தது. கிணற்றை இறைத்துச் சேறு தெரிகிற வரைக்கும் எடுத்தாகிவிட்டது. வருகிறவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது.

இனி அவளுடைய ஒன்பது நிமிஷம்.

கட்டிலை விட்டு விலகி, தலைமை நர்ஸ் பக்கம் திரும்பினாள். "நோயாளி கீழே கீழே சறுக்கிப் போயிடுவாங்க இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேல இழுத்துப் படுக்க வைக்கிறீங்க?"

கேட்டுவிட்டு நின்றாள். ஸ்பானர் சத்தம் இல்லாமலே நிற்க முடிந்தது.

"எண்ணினதில்லம்மா" என்றாள் நர்ஸ் கொஞ்ச நேரம் கழித்து. "என் முதுகுதான் எண்ணிக்கிட்டிருக்கு."

பெரிய டாக்டர் படுத்துப் பார்க்க முடியுமா என்று சின்னவள் அடுத்துக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. யாரும் பார்க்காதது போல இருந்தார்கள். அவர் தோள் இருக்கும் இடத்தில் மெத்தையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ஒரு நிமிஷம் வாய் திறக்கக் கூடாது, கூரையை மட்டும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கைப்பிடியை நர்ஸ் கையில் கொடுத்தாள். தலைப்பக்கம் ஏறுவதற்கு முன்னால் முழங்கால் பக்கம் சற்றே தூக்கிக்கொண்டது. பிட்டர் ஒரு வருஷம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த இணைப்பு அது. முழங்கால் முட்டுக் கொடுப்பதால் உடம்பு சறுக்காது. மற்றக் கட்டில்களில் ஒரு சாண் சறுக்கும்.

நிமிஷம் முடிந்து பார்த்தபோது தோள் கோட்டிலேயே இருந்தது.

"ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா?" என்று டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். "நீங்க மூணு பேரும் எனக்கு மேலே பேசிக்கறீங்க. நான் ஒரு பொருள் மாதிரி கிடக்கேன்."

"நான் பதினோரு வருஷம் அப்படிப் படுத்திருந்தேன் டாக்டர்" என்றாள் சின்னவள். "நோய் ஒண்ணும் இல்லை. கட்டில் விக்கறதுக்காக. எங்கே உறுத்தும், எங்கே சறுக்கும்னு எனக்கு முதுகால தெரியும். அதையெல்லாம் சரி பண்ணித்தான் இதைச் செஞ்சோம்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கட்டில் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

நடையில் அண்ணி அதே கதவோர நாற்காலியில், மடியில் கவுனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் சரக்கு லிப்ட் வந்துவிட்டது. அண்ணன் கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக, அண்ணியும் பின்னாலேயே போனாள்.

*

நாலு விரல் இடைவெளி போதும். காட்சி தெரியாவிட்டாலும் குரல் தெளிவாக வந்தது. பிட்டர், கிளம்பிவிடலாமே என்றான். சின்னவள் நகரவில்லை.

உள்ளே நாலு எண்ணும் அமைதி. பிறகு அண்ணனின் கணீர்க் குரல்.

"நான் கட்டில் விக்க வரலைங்க. கட்டிலை விட்டு எழுந்திரிக்கிற நாளை விக்க வந்திருக்கேன்."

யாரோ இருமினார்கள். காகிதம் புரளும் சத்தம். அண்ணன் சற்றுத் தடுமாறி, இன்னும் கணீரென்று தொடர்ந்தான். தம்ளரைப் பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சிந்தாது, தெரியும்" என்றாள் தலைமை நர்ஸ். "அடுத்தது சொல்லுங்க."

அடுத்தது என்ன என்று அண்ணனுக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் முடியாமல் அடுத்ததற்குப் போய் அவனுக்குப் பழக்கமில்லை. தண்ணீரைப் பற்றியே இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னான். தலைப்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினான். "எங்க கட்டில்ல ஒரே ஒரு குறை இருக்குங்க" என்று ஆரம்பித்தான்.

"படுத்தவங்க வீட்டுக்குப் போக மாட்டேங்கறாங்க" என்று பெரிய டாக்டர் முடித்து வைத்தார். "அதானே? இதெல்லாம் இப்பத்தானே கேட்டோம். உங்களுக்குன்னு சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

இரண்டு தட்டுச் சத்தம். மறுபடி இரண்டு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாததைச் சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு வருஷமாகக் காதில் இரைந்துகொண்டிருந்த பட்டறைச் சிரிப்பு நின்றுபோனது போலிருந்தது. வாயெல்லாம் இனித்தது.

இரண்டு நிமிஷம் வேண்டும் என்று கேட்டு அண்ணன் வெளியே வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

"திருடி" என்றான் மெதுவாக. "என் பேச்சைத் திருடிட்டே."

"படுத்துத்தானே கிடந்தேன் அண்ணா" என்றாள். "காது மட்டும் திறந்திருந்துச்சு."

இந்த ஒரு வாக்கியத்தை அவள் இரண்டு வருஷமாக வைத்திருந்தாள். சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது. பிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கைவரிசையைப் பார்த்துப் பெருமைப்படுவதா, கவலைப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. நீலக் கவுனில், செருப்பில்லாமல், அண்ணி நின்றிருந்தாள்.

"எது உங்க பேச்சு?" என்றாள் புருஷனைப் பார்த்து.

அண்ணி சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஆறு நிமிஷம் நான் எழுதினது. கல்யாணமான ரெண்டாவது வருஷம் எழுதிக் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி இவரு இரும்போட எடையைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஒரு கட்டில் விக்கலை."

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "நீங்களா?"

"என் கால் ஏன் இப்படின்னு நீ ஒரு நாளாவது கேட்டிருக்கியா? பிறவின்னு நினைச்சிருப்பே. கல்யாணத்துக்கு முன்னாடி பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஏழு மாசம் படுத்திருந்தேன். எழுந்திரிக்கிற நாள், எழுந்திரிக்கிற நாள்னு சுவத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டே கிடப்பேன். வீட்டுக்குப் போக மாட்டேங்கிறாளேன்னு அங்கே நர்ஸுங்க என்னைக் கேலி பண்ணுவாங்க. அதுல எழுதினதுதான் எல்லாம்."

அண்ணி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சின்னவளால் தாங்கியிருக்க முடியும்.

"நான் பேசினப்ப நீங்க இங்கேதானே உக்காந்திருந்தீங்க" என்றாள் தட்டுத் தடுமாறி. "எல்லாம் கேட்டிருக்கும். அண்ணன்கிட்ட ஏன் சொல்லலை?"

அண்ணி கவுனின் நாடாவை இறுக்கிக்கொண்டாள்.

"பதிமூணு வருஷம் அவரு பேசிக் கேட்டிருக்கேன். ஒரு பொம்பளை வாயில அது எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் கேட்டேன். கேட்டுக்கிட்டே இருக்கணும்னு தோணிச்சு."

உள்ளேயிருந்து, அடுத்தவர் வருகிறாரா இல்லையா என்று கொள்முதல் அதிகாரியின் குரல் கேட்டது. அண்ணி புருஷனைப் பார்த்தாள். நான் பேசட்டுமா என்று கேட்டாள். அவன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். படுத்துக் கிடந்தவளுக்கு இல்லாத நாற்காலி, நின்று பேசியவனைத் தாங்கிக்கொண்டது. அண்ணி அதற்குமேல் காத்திருக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

"நான் ஏழு மாசம் படுத்திருந்தேங்க" என்று அண்ணியின் குரல் கேட்டது. "விக்கறதுக்காக இல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். சின்னவள் தன்னை அறியாமல் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. யாரும் இருமவில்லை. காகிதம் புரளவில்லை. அந்த நாலு எண்ணிக்கையை முதலில் கண்டுபிடித்தது யார் என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. முதல் மாதம் எது வலித்தது, மூன்றாம் மாதம் எது வலித்தது, நர்ஸ் வருகிற காலடிச் சத்தத்தை வைத்தே இன்று மெதுவாகச் சுற்றுவாளா வேகமாகச் சுற்றுவாளா என்று எப்படித் தெரிந்துகொள்வாள் என்றெல்லாம் சொன்னாள். தலைமை நர்ஸ் ஏதோ கேட்டாள். அண்ணி பதில் சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இது எழுதி வைத்த சிரிப்பு இல்லை.

அண்ணனைப் பேச முடியாமல் செய்ய வேண்டும் என்றுதான் சின்னவள் வந்தாள். செய்துவிட்டாள். அவன் இடத்தில் இப்போது பேசத் தெரிந்தவள் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளை அங்கே நிறுத்தி வைத்ததும் சின்னவளேதான்.

"நல்லாப் பேசறாங்க" என்றான் பிட்டர் தணிந்த குரலில்.

"தெரியுது."

கதவு முழுக்கத் திறந்தது. தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்து, முதலில் பேசினவங்களும் கொஞ்சம் உள்ளே வரணும் என்றாள். இந்த அம்மா ஒன்று கேட்கிறார்களாம். தங்கள் கட்டிலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், உங்கள் கட்டிலில் ஒரு தடவை படுத்துப் பார்த்துவிட்டு, இரண்டில் எது நல்லது என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் என்கிறார்களாம். டாக்டருக்கு அது பிடித்துவிட்டதாம்.

சின்னவள் எழுந்தாள். பிட்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நம்ம கட்டில்ல முதல்ல முழங்கால்தானே தூக்கும்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நல்ல இடுப்புக்கு அது சரி. இடுப்பு உடைஞ்சவங்களுக்கு முழங்காலைத் தூக்கினா உயிர் போற வலி வராதா?" என்றான். "படுத்துப் பாத்தது நீயும் அந்த டாக்டரும்தான். உடைஞ்ச இடுப்பை நாம யோசிக்கவே இல்லை. முழங்காலைத் தனியா நிறுத்த அதுல விசையே கிடையாது."

அவள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். அறையில் இரண்டு கட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவளுடைய கட்டிலின் மெத்தையில் சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. அண்ணி இரண்டு கையையும் ஊன்றி, கெட்ட காலை முதலில் தூக்கி வைத்து, பிறகு நல்ல காலை வைத்து, பழகின இடத்தில் படுப்பது போலப் படுத்தாள். தோளைச் சரியாகக் கோட்டில் வைத்தாள்.

மூன்று பேரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சின்னவள் கைப்பிடியருகே குனிந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கைப்பிடியை இந்தப் பக்கம் நின்று, படுத்திருக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் பிடித்ததே இல்லை.

அண்ணி கூரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. அவளையே பார்த்தாள்.

"சுத்து" என்றாள்.